கடைசியாகச் சேர்ந்தவர்கள்

வியாழக்கிழமை, இரவு.

பிஸ்கட் தொழிற்சாலையில் ஆட்குறைப்புப் பேச்சுவார்த்தை இன்று முடிந்தது. யாரை நிறுத்துவது என்பதைத் தாங்களே முடிவு செய்வதாக நிர்வாகம் சொன்னது. சங்கத் தரப்பில் நான்தான் விடவில்லை. ஆள் பார்த்து நிறுத்தக் கூடாது, கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முதலில் போக வேண்டும் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். கடைசியில் மனேஜர் ஒத்துக்கொண்டார். வாசலில் எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.

மாத்தளையில் பஸ் ஏறிய பிறகுதான் செல்வியின் நினைவு வந்தது. என் மனைவி அதே தொழிற்சாலையில் பேக்கிங்கில் பழைய ஆள். ஆனால் மகன் பிறந்தபோது வேலையை விட்டுவிட்டு, போன வருஷம்தான் திரும்பச் சேர்ந்தாள். பழைய சர்விஸ் கணக்கில் வராது.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஜெயிச்சிட்டீங்களாமே? யார நிப்பாட்டுறாங்க?"

"கடைசியா சேந்தவங்கள."

"ஐயோ பாவம், அந்தப் புதுப் புள்ளைங்க. நான்தானே அதுகளுக்கு வேல பழக்கினேன்."

இன்னும் ஓர் அகப்பை சோறு வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

இப்போது தூங்கிவிட்டாள். நாளைக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போக, பேக்கிங் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.