மூன்று எண்ணும் வரை

12-8-1968, திங்கள்

காமிராவின் ஷட்டர் சரியாகிவிட்டது. பஞ்சில் பெட்ரோல் தொட்டு, அதன் தகடுகளில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். அரை மணி நேர வேலைதான். போன வாரமே ஒட்டத் தொடங்கியது தெரிந்தும் சோம்பலில் விட்டுவிட்டேன்.

இன்று நேமத்தான்பட்டியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். உடலை எடுப்பதற்கு முன் ஒரு படம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவரை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய ஒரே மகள். முதல் படத்துக்குத் திறந்த ஷட்டர் மூடவே இல்லை.

"இன்னும் என்ன செய்றீக? தூக்க நேரமாச்சு" என்றார் மருமகன்.

லென்ஸை அதன் மூடியால் மறைத்துவிட்டு பிலிமை அடுத்த படத்துக்குத் திருப்பினேன். ஷட்டர் திறந்தே கிடப்பதால், மூடியை எடுத்து, மூன்று எண்ணி, திரும்பப் போட்டால் படம் விழுந்துவிடும். அதுவரை யாரும் அசையக்கூடாது. அந்த மகளோ குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"ஆச்சி, நான் மூணு எண்ணுற வரைக்கும் மட்டும் அழுகாம இருங்க" என்றேன்.

உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். கொஞ்சமும் அசையவில்லை. வெளிச்சம் போதாதோ என்ற பயத்தில் நான் ஐந்து வரை எண்ணிவிட்டேன். மூடியைப் போட்ட பிறகும் அவர் அப்படியே நின்றார்.

"இனி அழுகலாமாண்ணே?" என்று கேட்டார்.

"அழுங்க ஆச்சி" என்றேன்.

நாளை பிலிமைக் கழுவ வேண்டும். ஆச்சியின் முகம் தெளிவாகத்தான் விழுந்திருக்கும்.