‘அம்மா சமைக்கிறாள்’ படத்துக்கு அவர்கள் வைத்த பெயர்

என் அருமைக் கின் அக்காவுக்கு,

நீங்கள் செத்த பிறகு கோப்பன்ஹேகன்காரருக்கு உங்கள்மேல் திடீர்ப் பாசம் வந்திருக்கிறது. இருந்தபோது உங்கள் படங்களைத் திரும்பியும் பாராத அதே காட்சிக்கூடம், போன கிழமை அவற்றை மாட்டி, வைன் ஊற்றிக் கொண்டாடியது. நானும் போனேன்.

நீங்கள் பிறந்த பர்மாவைக் கண்ணால் கண்டிராத காட்சிக்கூடப் பொறுப்பாளர், உங்கள் பெரிய படத்துக்குப் ‘போரின் கொடுங்கனவு’ என்று பெயர் வைத்திருக்கிறார். எந்தப் படம் தெரியுமா? இங்கே புறநகர் ஹ்விடோவ்ரேயில் எங்கள் கட்டடத்துச் சலவை அறைக்குள் ஆற்றுவெள்ளம் நிற்க, மேசைமேல் அடுப்பேற்றி ஒருத்தி சோறு வடிப்பாளே, சலவை மெஷின்களின் வட்டக் கண்ணாடியால் மீன்கள் எட்டிப் பார்க்குமே, அதுதான்.

“நாடிழந்தவளின் கதறல்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

நீங்கள் அந்தச் சலவை அறையிலேயே தூரிகையோடு இருந்து அதைக் கீறிக்கொண்டிருந்தபோது நான் உடுப்புத் தோய்க்க வந்தேன். “பாக்கப் பயமாக் கிடக்கு அக்கா” என்றேன்.

“என்ன பயம்? ஆறு வருஷா வருஷம் வீட்டுக்குள்ள வரும். அம்மா அடுப்பத் தூக்கி மேசையில வெப்பாங்க. நாங்க கட்டில்ல உக்காந்தே மீன் பிடிப்போம். இந்த மெஷின் சத்தம் அந்தத் தண்ணி மாதிரியே இருக்கு” என்று சிரித்தீர்கள். ரங்கூனில் பிறந்தாலும் அம்மாவின் தஞ்சாவூர்த் தமிழ் உங்களை விடவில்லை.

பொறுப்பாளரிடம் போய், “அந்தப் பெயர் பிழை. அவர் வைத்தது ‘அம்மா சமைக்கிறாள்’” என்று டேனிஷில் சொன்னேன்.

“ஓவியருக்கே தெரியாததைப் படம் சொல்லும்” என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. “நீங்கள் உறவா?”

“பக்கத்து வீடு.”

“அப்படியா” என்று கிளாஸை நிரப்பப் போய்விட்டார். உங்களைத் தெரியாமலிருப்பதைப் படிப்பு என்று நினைக்கும் மனிதரோடு என்ன கதைக்கிறது?

பெயர் அட்டையை உரித்துக் கைப்பைக்குள் போட்டேன். படத்தருகே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். பலர் நழுவினார்கள், அழுவதற்கென்றே வந்தவர்களுக்கு மீன் பிடித்த கதை எதற்கு? ஒரு டேனிஷ் கிழவி மட்டும் நெடுநேரம் பார்த்தாள். “என் அம்மாவும் இப்படித்தான். உலகம் இடிந்தாலும் உருளைக்கிழங்கு அவிப்பாள்” என்று வாய்விட்டுச் சிரித்தாள். அங்கே படத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் போய்ப் பார்த்தால், புது அட்டை ஒட்டிவிட்டார்கள். அதே பெயர். வெட்கமே இல்லை, அக்கா.

காட்சி முடியும்வரை ஒவ்வொரு சனியும் போவேன். அவர் அச்சடிக்கட்டும், நான் உரிக்கிறன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கை,
வசந்தி