ஓரத்திலிருந்து பார்த்தாலும் அதே நிறம்

என் செல்ல அக்காவுக்கு,

அம்மா உறங்கிவிட்டார். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாளை உன் ஆண்டுத் திவசம். மண்டபத்துப் பெரிய திரையில் உன் படத்தைப் போடப்போகிறார்கள். செத்தவீட்டில் வைத்த அதே படம். மாமா ஸ்டூடியோவில் கொடுத்து உன் முகத்தை வெளுக்கவைத்த படம். அன்றைக்கு நான் பேசாமல் நின்றேன்.

இன்று மாலைதான் வாய் திறந்தேன்.

"மாமா, அது அக்கா மாதிரியே இல்லை."

"சும்மா இரு பிள்ளை. வெளுப்பாக்கினது வடிவாத்தானே கிடக்கு. சனம் பாக்கிற படமெல்லோ!"

அம்மா தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ வேலைபார்த்த கார்ல்ஸ்ரூஹே நகரத்து ஆய்வுகூடத்திலிருந்து ஒருநாள் இரண்டு சோதனைத் திரைகளைக் கொண்டுவந்தாயே, நினைவிருக்கிறதா? ஒன்று பழையது, மற்றது நீ வடிவமைத்தது. இரண்டிலும் நம் பொங்கல் படம். எங்களைச் சோபாவின் ஓரத்தில் இருத்திப் பார்க்கச் சொன்னாய். பழைய திரையில் நம் முகங்கள் சாம்பல் பூத்திருந்தன; உன் திரையில் நிறம் மாறவேயில்லை.

"எடியே, எனக்கு ஆர் பவுடர் அப்பினது?" என்றார் அம்மா.

"அது திரையின்ர பிழை அம்மா. உங்கட முகத்தில பிழையில்லை."

"பிழையெண்டாலும் இப்பிடியே விடன். கலியாண வீட்டுக்குப் போகலாம்!"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு விளக்கினாய். ஓரத்திலிருந்து பார்க்கும்போது கறுத்த நிறம்தான் முதலில் கெடுமாம். அதனால் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்தாயாம். ஒரு பாதி கூடுதலாக ஒளிரும், மறுபாதி மங்கி நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே புள்ளி. அப்போதுதான் ஓரத்தில் இருப்பவருக்கும் நிறம் மாறாதாம். நான் பாதிக் காதைத்தான் கொடுத்தேன். இப்போது பள்ளியில், அந்தத் திரைகளுக்குள் இருக்கும் திரவப் படிகம் பற்றிப் படிக்கிறோம். கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. யாரிடம் கேட்பேன்?

நம் முகம் வெளுக்கக் கூடாதென்று அவ்வளவு பாடுபட்டவள் நீ. உன்னையே வெளுத்துவிட்டார்களே, அக்கா. உனக்குக் கோபமா? அல்லது அன்றைக்குப்போல் சிரிக்கிறாயா?

மண்டபத்தில் கணினியை இணைப்பது என் வேலை. சற்று முன் பென் டிரைவில் இருந்த படத்தை அழித்துவிட்டு, பொங்கலன்று எடுத்த உன் படத்தை வைத்துவிட்டேன். பொங்கல் பானையின் ஆவியில் வேர்த்த முகம். மாமா எல்லோர் முன்னாலும் கத்துவார். அம்மா என்ன செய்வார் என்பதுதான் தெரியவில்லை.

ஆனாலும் அந்த வெளுத்த படத்தைத் திருப்பி வைக்க மாட்டேன். யார் கேட்டாலும், அம்மாவுக்கு நீ சொன்னதையே சொல்வேன்: முகத்தில் பிழையில்லை. சொல்லிவிட்டு, கடைசி வரிசையின் ஓரக் கதிரையில் போய் இருந்து உன்னைப் பார்ப்பேன். இது சத்தியம்.

உன் நிறத்திலேயே பிறந்த,
உன் தங்கச்சி