சோறு நிறுத்திய வீடு

பிப்ரவரி 5, 2024

இவருக்குச் சுகர் 280. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். குறைப்பதாவது! அடியோடு நிறுத்திவிட்டேன். ராத்திரிக்கு மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும். மண்ணுக்குள் விளைகிற கிழங்கு உடம்பை என்ன செய்துவிடப் போகிறது? மறுபேச்சில்லாமல் தின்றார்.

பிப்ரவரி 20

பெண்கள் கூட்டத்தில் சொன்னேன், எங்கள் வீட்டில் இப்போது சோறே கிடையாது என்று. "நீ கெட்டிக்காரி ராகேலு" என்றாள் ஜெபமணி.

ஏப்ரல் 26

340! எப்படி ஏறும்?

"எங்க போயி திங்கிய?"

"எங்கயும் திங்கல்லட்டி."

யார் நம்புவது? இவர் தினமும் போகிற தக்கலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ட இடமெல்லாம் ஓட்டல்.

ஏப்ரல் 28

சபையில் அசன விருந்து. பந்தியில் விளம்பப் போனவரைக் காணோம். தேடிப் போனால் சோற்று அண்டாவின் பக்கத்தில் நிற்கிறார், கையெல்லாம் பருக்கை. எனக்கு வந்த கோபத்தில் எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன். "வெக்கமில்லியா, களவாண்டு திங்க?"

"சோறு வெளம்பினேன்ட்டி. ஒரு வறுக்குச் சோறு வாயில வைக்கல்ல."

கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார். நான் கேட்டதில் என்ன தப்பு? அவர் நல்லதுக்குத்தானே?

மே 3

இன்றைக்கும் கிழங்கு அவித்தேன். தின்றார்.

ஜூன் 11

இவர் கால்விரலில் ஒரு புண், ஆறவே இல்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. என்ன சாப்பிடுவார் என்று அங்கே உணவு ஆலோசனை சொல்கிற பிள்ளை ஜின்சி கேட்டாள். பெருமையாகச் சொன்னேன்.

"ஆன்ட்டி, சோத்துல உள்ள அதே மாவுச்சத்துதான் கிழங்குலயும். சோத்தைவிடக் கூடவே உண்டு. எவ்வளவு குடுப்பிய?"

"வயிறு நிறைய."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

அப்போ இவர் களவாண்டு தின்னவே இல்லை. நான்தான், நான்தான் தட்டு தட்டாகப் போட்டேன். போட்டதும் நான், கள்ளன்னு ஊரறியக் கத்துனதும் நான். எனக்கு நாக்கு அழுகாதா!

ஜூன் 12

கட்டிலருகே நின்று அழுதேன். ஜின்சி சொன்னதையெல்லாம் சொன்னேன்.

"எனக்குக் கிழங்கு பண்டே பிடிக்காதுட்டி" என்றார். "நீ ஆசையா தந்த. தின்னேன்."

ஜூலை 21

புண் ஆறிவிட்டது. சுகரும் இறங்கிவிட்டது. மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, மீதித் தட்டெல்லாம் தேங்காய் போட்ட பயறுத்தோரன், மீன்.

சாயங்காலம் சபைச் செயலர் ராஜையன் வந்தார். வியாழக்கிழமை கல்யாணப் பந்திக்கு விளம்ப இவரைக் கூப்பிட்டார்.

"வேற ஆளைப் பாருங்க."

"காலு இப்பவும் வலிக்கா?"

"காலு சொகந்தான். சோத்துப்பக்கம் நிக்க மனசில்ல."

முப்பது வருஷமாக இவர் எந்தப் பந்தியிலும் விளம்பாமல் இருந்ததில்லை. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காப்பி கொண்டுபோய்க் கொடுக்கக்கூட எனக்கு முகமில்லை.