சிவப்புத் துணி கட்டிய அவரை

9 ஜனவரி 1994, ஞாயிறு. சிங்காநல்லூர்

முருங்கை மரத்தில் ஏறிய அவரைக் கொடியில் இந்த வருடம் இலையைவிடக் காய் அதிகம். ஆடியில் விதை ஊன்றியவள் என் மனைவி கோமளா. தண்ணீர் விட்டவளும், வேருக்குச் சாம்பல் போட்டவளும் அவளே. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பத்திரிகையில் விவசாயப் பக்கம் எழுதும் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆசிரியர் இரண்டு முறை ஜாடையாகக் கேட்டுவிட்டார். பொங்கலுக்கு ஒரு பை கொடுக்கலாமென்று பறிக்கப் போனேன். கொடியின் நடுவில், நன்றாகத் திரண்ட காய்களின் காம்பில் எல்லாம் சிவப்புத் துணி. திருஷ்டிக்குத்தான், வேறென்ன. மூடநம்பிக்கை பற்றி மூன்று பாகம் கட்டுரை எழுதியவன் வீட்டில்! கோமளா ஈரோட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், நல்ல சமயம். ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். மொத்தம் இருபத்தாறு. காய்களையும் பறித்துக்கொண்டேன்.

10 ஜனவரி

"காய்னா இதுதான்யா காய்" என்றார் ஆசிரியர். என் கட்டுரை எதைப் பற்றியும் அவர் இப்படிச் சொன்னதில்லை.

11 ஜனவரி

கோமளா வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, கொடியில கட்டியிருந்த துணியெல்லாம் எங்கீங்க?"

பகுத்தறிவில் ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"அது வித்துக்கு உட்ட காய்ங்க. ஆராச்சும் தெரியாமப் பறிச்சுப்போடக் கூடாதுன்னு அடையாளம் கட்டுனது. வெவசாயப் பக்கம் எழுதறவிகளுக்கு இது தெரியும்னு நெனச்சது என்னோட தப்பு."

தெரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளில் யாரிடமும் கேட்டதில்லை. "கடையில் பாக்கெட் விதை கிடைக்கிறதே" என்றேன். மதியம் ரசம் மட்டும்.

17 ஜனவரி, திங்கள்

அலுவலக வாசலில் அன்னூர்ப் பக்கத்துப் பொங்கியண்ணன் நின்றிருந்தார். 88-இல் அவர் தோட்டத்தை வைத்துத்தான் 'பழைய விதையைத் தூக்கி எறியுங்கள்' என்று அரைப் பக்கம் எழுதினேன். கொடி வேண்டாம், குத்துச்செடி போதும். எல்லாக் காலத்திலும் காய்க்கும். புது விதைப் பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருந்ததுதான் அத்தனையும். நடை மட்டும் என்னுடையது.

"மூணு வருசம் நல்லாத்தானுங்க காச்சுது. அப்புறம் மஞ்ச நோய் உளுந்து பூவெல்லாம் கொட்டிப்போச்சு. கடையில கேட்டா அந்த வித்து இப்ப வாரதில்லைங்கறான்."

"உங்கள் பழைய விதை?"

"நீங்கதானுங்க எறியச் சொன்னீங்க. எறிய மனசு வருலீங்க. கொழம்பு வெச்சுத் தின்னுபோட்டோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் சொன்னார்.

வந்த காரியம் இது: நான் தோட்டம் பார்க்கப் போன அன்றைக்கு என்னை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று அவர் மனைவி சென்னியம்மாள் ஒரு பிடி அவரை விதையைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தாராம். அது எங்காவது கிடக்கிறதா?

"கெணறு வத்திக் கெடக்குதுங்க. அந்த மண்ணுல தண்ணியில்லாமத் தாங்கறது அந்த அவரை ஒண்ணுதான். வார ஆடிக்கு ஊனாட்டி வேலியில ஒண்ணுமில்லீங்க, சந்தைக்குப் போறதுக்கும் ஒண்ணுமில்லீங்க. அக்கம்பக்கத்துல ஆருகிட்டயும் இல்ல. எல்லாரும் உங்க பேப்பரு படிக்கறவிகதான்."

எழுத்துக்கு இவ்வளவு பலம் உண்டென்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அந்தப் பிடி விதையை நான் பையிலேயே மறந்துவிட்டேன். கோமளா எடுத்து ஊன்றினாள். ஆறு வருடமாக அதையே எடுத்து எடுத்து ஊன்றுகிறாள். முருங்கையில் நிற்பது அதுதான். அதன் விதையைத்தான் ஆசிரியர் பொரியலாகச் சாப்பிட்டார்.

"இருக்கிறது, ஆடிக்குள் தருகிறேன்" என்று சொல்லி அனுப்பினேன். ஏன் சொன்னேன்?

வீட்டில் கோமளாவிடம் சொன்னேன். ஏணியைக் கொண்டுவந்து மரத்தில் சாத்தினாள்.

18 ஜனவரி

உச்சியில், எனக்கு எட்டாத கிளையில், இன்னும் மூன்று சிவப்புத் துணிகள். மூன்று காய்கள். என் சோம்பல் முதன்முறையாக விவசாயத்துக்கு உதவியிருக்கிறது.

இனிமேல் காய்ப்பதையும் விதைக்கு விடலாமே என்றேன்.

"கொடி களைச்ச பொறவு காய்க்கறதுல வித்து சூம்பிப்போகுமுங்க. இப்பவே அசுவினிப் பூச்சி அடிக்குது பாருங்க. நல்லதெல்லாம் உங்க ஆசிரியரு தின்னாச்சு."

2 பிப்ரவரி

காலம் தப்பிய மழை. காய்ந்துவரும் காய் நனைந்தால் விதை பூஞ்சை பிடித்துவிடும். ஏறி, மூன்றுக்கும் பாலிதீன் பை கட்டினேன்.

"உள்ளார வேர்த்து அழுகிப்போகும், அவுத்துப்போட்டு எறங்குங்க" என்றாள் கோமளா.

அவிழ்த்தேன். அவிழ்ப்பதில் எனக்குப் பயிற்சி உண்டு.

19 பிப்ரவரி

ஒரு காயை அணில் தின்றுவிட்டது. அதுவும் நம் வாசகர்தான் போலிருக்கிறது.

6 மார்ச், ஞாயிறு

இரண்டு காய்களும் கொடியிலேயே காய்ந்துவிட்டன. காதருகே ஆட்டினால் கலகலவென்கிறது. உடைத்தோம். ஒன்பது விதை. ஒன்றில் வண்டுத் துளை. ஆக எட்டு.

கோமளா இரண்டு நாள் வெயில் காட்டி, சலித்த சாம்பலில் புரட்டி, பாட்டிலில் போட்டு மூடுவாளாம். நான் பாட்டிலைத் தொடக் கூடாதாம்.

24 ஜூலை, ஞாயிறு

அன்னூர். பொங்கியண்ணன் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். எட்டும் அவர் கையில் எள்ளாகத் தெரிந்தன. ஏன் எட்டுதான் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன், துணி அவிழ்த்தது முதல் அணில் வரைக்கும். அச்சில் திருத்தம் போட்டிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும். அரை மணி நேரம் ஆயிற்று.

நான்கை எடுத்துக்கொண்டு நான்கைத் திரும்பப் பாட்டிலில் போட்டார்.

"நாலு ஊனறனுங்க. நாலு இருக்கட்டும்."

"மழை ஏமாற்றினால் என்றா?"

"மழையில்லீங்க. நீங்க மறுக்காவும் ஏதாச்சும் எழுதிப்போட்டீங்கன்னா?"

முகத்தில் சிரிப்பே இல்லை. சமையற்கட்டில் சென்னியம்மாள் சிரித்தது மட்டும் கேட்டது.

20 செப்டம்பர்

போஸ்ட் கார்டு. 'மூணு மொளச்சுது. ஒண்ணை ஆடு கடிச்சுப்போட்டது. ரெண்டு வேலியில ஏறுது.' நான் எழுதியிருந்தால் அரைப் பக்கம் ஆகியிருக்கும்.

8 ஜனவரி 1995, ஞாயிறு

சந்தை பற்றிய செய்திக்காகப் புகைப்படக்காரர் அப்துல் கையூமுடன் அன்னூர் போனேன். சந்தை ஒரு சாக்கு என்பது அவருக்கும் தெரியும்.

இரண்டே கொடி. இருபதடி வேலி தெரியவில்லை. ஓரமெல்லாம் சந்தைக்குப் பறித்தாகிவிட்டது. நடுவில், கண்ணுக்கு எடுப்பான காய்களில் எல்லாம் சிவப்புத் துணி. எண்ண ஆரம்பித்து நாற்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கையூம் காமிராவை இறக்கிவிட்டுக் கேட்டார்: "என்னங்க இது, திருஷ்டிக்குங்களா?"

"ஆமாங்க" என்றார் பொங்கியண்ணன். "சாரு கண்ணு பட்டுறக் கூடாதில்லீங்க."

கிளம்பும்போது துணி கட்டாத காயில் ஒரு பை கொடுத்தார். ஆசிரியருக்காம்.

9 ஜனவரி

படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: 'விதைக்கு விட்ட காய்கள். பறிக்கக் கூடாது.'

"இதில் என்னய்யா செய்தி?" என்றார் ஆசிரியர்.

"88-இல் வந்த கட்டுரைக்குத் திருத்தம்" என்றேன். இந்த வருடம் அவரைக்காய் இல்லையா என்று கேட்டார். பையை மேசையில் வைத்தேன். படம் நாளை வருகிறது.