ஆணி அடிக்காத சுவர்

அண்ணே,

இன்று காலை முன்பகுதியில் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. பிறகு நின்றுவிட்டது. இட்லியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். புதிதாகக் குடிவந்தவர் ஸ்டூலின்மேல் நின்று, வளைந்த ஆணியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஆணி அடிக்கக் கூடாதா?"

"அடிங்க" என்றேன்.

வில்லியனூரில் இந்தப் பழைய வீட்டைக் கடனில் வாங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. டிப்ளமா படித்த திமிர் வேறு. பின்பகுதியில் நான், முன்பகுதியில் குடித்தனம், வாடகையே கடனை அடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் குடித்தனம் நீங்களும் அண்ணியும். சேதராப்பட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கே நீங்கள் நைட் வாட்ச்மேன்.

இரண்டு பகுதிக்கும் நடுவே இருந்த கதவைப் பெயர்த்துச் செங்கல் வைத்து அடைத்தேன்.

"கதவு இருக்கட்டுமே பா. ஆத்திர அவசரத்துக்குக் கூப்ட ஆள் வேணாமா?"

"ரெண்டு போர்ஷன்னா ரெண்டாத்தான் இருக்கணும்ணே. பூச்சு காயற வரைக்கும் ஆணி கீணி அடிச்சிடாதீங்க."

"சரிங்க வூட்டுக்காரரே! காலண்டர் இல்லாம நாளு கெழம தெரியாம கெடக்கறோம்" என்று சிரித்தீர்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணி பூசைக்குப் போயிருந்தார். டூட்டி முடிந்து வந்து நீங்கள் தனியாக இருந்தீர்கள். நான் மாடிக்குப் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். சுவரில் டொக், டொக்.

"ஆணி அடிக்காதீங்கன்னு சொன்னன் இல்ல?" என்று கத்தினேன்.

மறுபடி ஒரு தட்டு, மெதுவாக. எரிச்சலில் ஸ்கேலால் திருப்பித் தட்டினேன். சத்தம் நின்றது. சொன்னால் கேட்கிற மனிதர் என்று திருப்தியாகக் கோடு போட்டேன்.

அண்ணி அலறிய பிறகுதான் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தேன். அந்தச் சுவரோரம் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தீர்கள். சுவரில் ஆணி இல்லை. கோயிலில் கொடுத்த காலண்டர் சுருட்டியது சுருட்டியபடி மூலையில் இருந்தது.

"கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் முடிக்கவில்லை.

தட்டிய சத்தத்தைப் பற்றி அண்ணியிடம் நான் சொல்லவில்லை. அவர் பாகூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். உங்களுக்குத்தான் அது தெரியும்.

அடக்கம் முடிந்ததும் செங்கலை உடைத்து, பழைய கதவையே மாட்டினேன். எந்தப் பக்கமும் தாழ்ப்பாள் இல்லை. அதனாலேயே இரண்டு குடித்தனங்கள் காலி செய்துகொண்டு போயின. போகட்டும். மாடி கட்டவே இல்லை.

ஆணி அடிக்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அண்ணே. சத்தம் நின்றால்தான் ஓடுகிறேன்.