ரோடுரோலர் போட்ட சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் குறைந்ததா? தீபாவளி சீசன் ஆர்டர் தொடங்கியிருக்கும், நேரத்துக்குச் சாப்பிடு.

எங்கள் ஜெர்மன் கம்பெனி முதலில் நீராவி எந்திரம் செய்துவிட்டு, பிறகுதான் ரோடு போட வந்ததாம். போன வாரம் ஆண்டு விழாவில், அந்தக் காலத்து ரோடுரோலரை நெருப்பு மூட்டி ஓட்டிக் காட்டினார்கள். வால்வு திறந்து ஆவி சீறியதும், பக்கத்தில் நின்ற மேஸ்திரியைத் தள்ளிவிட்டு கேட் வரை ஓடிவிட்டேன். "சத்தம் கேட்டா திரும்பிப் பாக்காம ஓடிரணும்லே" என்று நீ வேலை பார்க்கும் பட்டாசு ரூமைப் பற்றிச் சொன்னது காலுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேஸ்திரி முழங்காலைத் துடைத்துக்கொண்டே, ஏன் ஓடினாய், டீச்சர் மகன் இப்படிப் பயப்படலாமா என்று கேட்டார். வந்த நாளிலிருந்து உன்னை டீச்சர் என்றுதான் இங்கே சொல்லியிருக்கிறேன், அம்மா. ஒரு சத்தத்துக்கே ஓடியவன், தினமும் அந்த ரூமுக்குள் போகிறவளை மறைத்துவிட்டேன்.

பார்சலில் சேவு வை. உன் போட்டோவும் ஒன்று. கல்யாணத்தில் எடுத்தது வேண்டாம். வேலை விட்டு வந்ததும், கையில் வெள்ளியாய் ஒட்டிய பட்டாசு மருந்தைக் கழுவுவதற்கு முன்னால் எடுத்தது வேண்டும். மேஸ்திரியிடம் காட்டப் போகிறேன்.

வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

தாயில்பட்டி வேலுத்தாய் மகன்,
பாண்டிராஜ்